தொலைந்தது பாதை, பொருள் அன்று: யூனிக்ஸ் சர்வரில் பொருத்தல் அட்டவணையை மீட்கும் முறை

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில், காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு அருகே நந்தி தீர்த்தம் என்னும் சிறிய கோயில் ஒன்று உண்டு. தெற்கு நோக்கிய நந்தியின் வாயினின்று ஒழுகும் நீர் கீழே உள்ள சிவலிங்கத்தின்மீது வீழ்ந்து குளத்தைச் சேர்கின்றது. 1997-ஆம் ஆண்டு வரை இக்கோயில் மண்மூடிக் கிடந்தது. அவ்வாண்டில் மண் அகற்றப்பட்டபோது நந்தியும் குளமும் வெளிப்பட்டன. அதுகாறும் கோயில் அழிந்துவிடவில்லை; அதனை அடையும் வழியே அடைபட்டிருந்தது.

கணிப்பொறியிலும் இத்தகைய நிலை நேர்வதுண்டு. ஒரு வட்டார அலுவலகத்தின் சர்வரில் பத்தாண்டு மழையளவுக் குறிப்புகள் சேமிக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. ஒருநாள் காலை இயந்திரத்தை இயக்கியதும் அக்குறிப்புகள் இருந்த அடைவு வெறுமையாகத் தோன்றுகிறது. பொறுப்பில் உள்ள ஊழியர் யாவும் அழிந்தன என்று திகைத்து, வட்டைப் புதிதாக வடிவமைத்துவிட்டுப் பழைய நகலைத் தேடத் தொடங்குகிறார். அந்தக் கணம் வரை குறிப்புகள் வட்டில் பத்திரமாகவே இருந்தன; அவற்றை அழித்தது பழுது அன்று, அவசரமே.

எந்த வட்டு எந்த இடத்தில் பொருந்த வேண்டும் என்று சொல்லும் சிறு அட்டவணை தொலைந்துபோவதே இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றிற்குக் காரணம். அது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேற்படாத கோப்பு. அதனைப் பொறுமையுடன் மீட்டெழுதும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

பொருத்துதல் என்பது யாது?

யூனிக்ஸ் முறை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றியது. 1974-இல் இவ்விருவரும் வெளியிட்ட ஆய்வுரையில் அதன் கோப்பு முறை விரிவாக விளக்கப்பட்டது. வேறு சில முறைகளில் ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனி எழுத்து ஒன்று பெயராக அமையும். யூனிக்ஸில் அவ்வாறன்று. இங்கு வட்டுகள் எத்தனை இருப்பினும் கோப்புகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளாகவே காட்சியளிக்கும். மரத்தின் அடி ‘ரூட்’, அதாவது வேர், எனப்படும். மற்றொரு வட்டின் கோப்புகளை இம்மரத்தின் ஏதேனும் ஓர் அடைவில் ஒட்டுக்கிளைபோல் சேர்ப்பதே பொருத்துதல். இதனை ‘மவுண்ட்’ என்பர். பொருத்தியபின் ஒரு கோப்பு எந்த வட்டில் உள்ளது என்பதைப் பயனாளர் எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.

இவ்வேற்பாடு சிறு சர்வருக்கும் பெருங்கணிப்பொறிக்கும் பொதுவானது. மல்லேஸ்வரத்தை ஒட்டியுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-இல் நிறுவப்பட்டது. ஊர் மக்கள் அதனை ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றே வழங்குவர். தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின்கீழ் ‘பரம் பிரவேகா’ என்னும் பெருங்கணிப்பொறி 2022-இல் அங்கு நிறுவப்பட்டது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸே அதனை இயக்குகின்றது. 3.3 பெட்டாஃபிளாப் வேகமுடைய அதன் சேமிப்புக் கொள்ளளவு 4 பெட்டாபைட். பற்பல வட்டுகளில் பரவியிருப்பினும் அச்சேமிப்பு ஆராய்ச்சியாளரின் கண்ணுக்குச் சில அடைவுகளாகவே தோன்றுகின்றது. பொருத்துதல் என்னும் எளிய கருத்தே இதற்கு அடிப்படை.

அட்டவணையின் ஆறு பத்திகள்

தொடக்கத்தில், இயந்திரம் இயங்கத் தொடங்கும்போது நிறைவேற்றப்படும் கட்டளைகளின் வரிசையிலேயே பொருத்தும் கட்டளைகளும் எழுதப்பட்டிருந்தன. 1980-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் இதற்கெனத் தனி அட்டவணைக் கோப்பு ஏற்பட்டது. ‘எட்சி’ என்னும் அடைவில் உள்ள அக்கோப்பின் பெயர் ‘எஃப்எஸ்டேப்’. ‘எஃப்எஸ்’ என்பது கோப்பு முறையையும் ‘டேப்’ என்பது அட்டவணையையும் குறிக்கும் சுருக்கங்கள். லினக்ஸிலும் ஃப்ரீ-பி.எஸ்.டி.யிலும் இதே பெயர் இன்றும் வழங்குகின்றது. சோலாரிஸில் இதன் முன்னே ‘வி’ என்னும் எழுத்துச் சேரும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸில் ‘ஃபைல்சிஸ்டம்ஸ்’ என்னும் கோப்பு இப்பணியைச் செய்கின்றது.

லினக்ஸ் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஆறு பத்திகள் உண்டு. முதற்பத்தி எந்த வட்டுப்பகுதி என்பதைச் சொல்லும். இரண்டாவது, அது பொருந்த வேண்டிய அடைவு. மூன்றாவது, கோப்பு முறையின் வகை. எக்ஸ்ட்-4, எக்ஸ்-எஃப்எஸ் போன்றவை. நான்காவது, நிபந்தனைகள், வாசிக்க மட்டுமா, எழுதவுமா என்பன போன்றவை. ஐந்தாவது, ‘டம்ப்’ என்னும் பழைய நகலெடுக்கும் நிரலுக்கு உரியது; இந்நாளில் பெரும்பாலும் சுழியம் என்றே எழுதப்படும். ஆறாவது, தொடக்கத்தில் வட்டுகளைச் சோதிக்கும் வரிசை. ரூட் பகுதிக்கு 1, ஏனையவற்றிற்கு 2, சோதனை வேண்டாதவற்றிற்கு 0. இவ்வாறனைத்தையும் மனனம் செய்ய வேண்டுவதில்லை. முதல் மூன்று பத்திகளையும் சரியாக மீட்டுவிட்டால் வேலையின் பெரும்பகுதி முடிந்தது எனலாம்.

தெருவெண்ணும் பொறித்த பெயரும்

முதற்பத்தியை எழுதுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. மல்லேஸ்வரம், 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர்த் திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி. அங்குக் குறுக்குத் தெருக்களுக்கு எண்ணே பெயர். எட்டாவது கிராஸ், பதினைந்தாவது கிராஸ் என்று வரிசையாகச் செல்லும். தெருக்கள் இடம் பெயர்வதில்லை. ஆகையால் அந்த எண்ணை நம்பி ஒரு வீட்டைத் தேடிச் செல்லலாம்.

வட்டுகளின் வரிசை அத்தகையது அன்று. லினக்ஸ், வட்டுகளைக் கண்டறியும் வரிசையில் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’, ‘எஸ்டிசி’ எனப் பெயரிடுகின்றது. ஒரு கம்பியை வேறு துளையில் செருகினாலோ புதிய வட்டு ஒன்றைச் சேர்த்தாலோ இவ்வரிசை மாறக்கூடும். நேற்று ‘எஸ்டிபி’ எனப்பட்ட வட்டு இன்று ‘எஸ்டிசி’ ஆகலாம். ஆதலின் அட்டவணையில் இப்பெயர்களை எழுதிவைத்தல் நம்பத்தக்கதன்று.

திருமண வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரங்கள் உரியவரிடம் தவறாமல் திரும்புவதற்குக் காரணம், அவற்றின் விளிம்பில் வெட்டப்பட்டுள்ள பெயரே. அதுபோல் ஒவ்வொரு கோப்பு முறையிலும் அதனை உருவாக்கும்போதே ஓர் அடையாள எண் பொறிக்கப்படுகின்றது. இதனை ‘யு.யு.ஐ.டி.’ என்பர். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் இது 32 பதின்அறும எண்ணுருக்களும் இடையே நான்கு சிறு கோடுகளும் கொண்டது. வட்டை எந்தத் துளையில் செருகினாலும் இவ்வெண் மாறாது. மீட்டெழுதும் அட்டவணையின் முதற்பத்தியில் இதனையே எழுதுதல் நலம். ஆனால் வட்டைப் புதிதாக வடிவமைத்தால் பழைய எண் நீங்கிப் புதிய எண் பொறிக்கப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

அட்டவணை எங்ஙனம் தொலைகின்றது?

பெரும்பாலும் ஒரு சிறு கைப்பிழையே காரணம். கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்க இரட்டை அம்புக்குறி இட வேண்டும். ஒற்றை அம்புக்குறி இட்டால் முன்னிருந்த வரிகள் அனைத்தும் நீங்கிப் புதிய வரி மட்டுமே எஞ்சும். புதிய வட்டு ஒன்றைச் சேர்க்க முனைந்தவர் ஒரு குறியை விட்டுவிட்டதால் முழு அட்டவணையையும் இழத்தல் இவ்வாறே. வட்டு நிரம்பியிருக்கும்போது திருத்திச் சேமிப்பதும், வேறோர் இயந்திரத்தின் அட்டவணையை அப்படியே நகலெடுத்து இடுவதும் பிற காரணங்கள்.

பிழை நேர்ந்த கணத்தில் எதுவும் நின்றுவிடுவதில்லை. அட்டவணை, இயந்திரம் தொடங்கும்போது படிக்கப்படுவது. அதன்பின் பொருத்தங்கள் கெர்னல் எனப்படும் கருநிரலின் நினைவில் நிலைபெறுகின்றன. எனவே கோப்பு அழிந்த பின்னரும் சர்வர் வழக்கம்போல் நாள் கணக்கில் ஓடும். மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் தொடங்கும் அன்றுதான் குறை வெளிப்படும். இவ்விடைவெளி ஒரு நற்பேறு. பிழையை உடனே உணர்ந்தவருக்கு மீட்பு மிக எளிது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது

முதல் விதி: இயந்திரத்தை அணைத்து இயக்கலாகாது. அணைத்தால் கெர்னலின் நினைவில் உள்ள பட்டியல் மறைந்துவிடும்.

இரண்டாவதாக, அந்நினைவைப் படித்தெடுக்க வேண்டும். ‘மவுண்ட்’ என்னும் கட்டளையைத் தனியே இட்டால் அப்போது பொருந்தியுள்ள யாவும் திரையில் வரும். ‘ப்ராக்’ என்னும் அடைவில் உள்ள ‘மவுண்ட்ஸ்’ என்னும் கோப்பும் இதனையே காட்டும். அது வட்டில் உள்ள கோப்பு அன்று, கெர்னல் அவ்வப்போது தரும் விடை. நினைவகத்திற்குத் துணையாகும் ‘ஸ்வாப்’ பகுதி இப்பட்டியலில் இராது. அதனை அதே அடைவின் ‘ஸ்வாப்ஸ்’ என்னும் கோப்பில் காணலாம். இவ்விடைகளை வேறோர் இயந்திரத்திலோ காகிதத்திலோ படியெடுத்துக்கொள்க.

மூன்றாவதாக, ‘பிளாக்-ஐடி’ என்னும் கட்டளையால் ஒவ்வொரு பகுதியின் யு.யு.ஐ.டி. எண்ணையும் வகையையும் பெறுக. இரு பட்டியல்களையும் அருகருகே வைத்தால், எந்த எண்ணுடைய பகுதி எந்த அடைவில் பொருந்தியுள்ளது என்பது விளங்கும். அட்டவணையின் முதல் மூன்று பத்திகளும் இவ்வாறு கிடைத்துவிடும்.

கெர்னலின் பட்டியலை முழுவதும் அப்படியே எழுதிவிடலாகாது. ‘ப்ராக்’, ‘சிஸ்’ போன்று வட்டில் இல்லாத, கெர்னலே உண்டாக்கும் கோப்பு முறைகளும் அதில் இருக்கும். இக்கால லினக்ஸில் அவற்றை இயக்கமுறையே பொருத்திக்கொள்ளும். அட்டவணையில் அவை வேண்டுவதில்லை. மாறாக, வேண்டும்போது மட்டும் பொருத்துமாறு குறித்துவைத்த பகுதிகள் அப்போது பொருந்தியிராவிடில் கெர்னலின் பட்டியலில் காணப்படா. ‘சிஸ்டம்-டி’ என்னும் நிர்வாக நிரல் இயங்கும் சர்வர்களில் இக்குறைக்கும் ஒரு வழி உண்டு. அந்நிரல் தொடக்கத்தில் அட்டவணையைப் படித்து, வரிக்கொரு சிறு கோப்பாக ‘ரன்’ அடைவினுள் தனக்குரிய ‘ஜெனரேட்டர்’ என்னும் உள்ளடைவில் எழுதிவைக்கின்றது. பொருள், இடம், வகை, நிபந்தனை ஆகிய நான்கும் அங்குக் கிடைக்கும். ஆயின் அந்நிரலை மறுபடியும் அட்டவணையைப் படிக்கச் செய்தால் இவையும் நீங்கிவிடும். ஆகவே இவற்றை நகலெடுக்கும் முன்னர்ப் புதிய நிரல் எதனையும் நிறுவுதல் கூடாது. நிறுவும் செயலே சில வேளைகளில் அம்மறுபடிப்பைத் தூண்டிவிடும்.

இயந்திரம் நின்று மீண்டும் தொடங்கியபோது

அட்டவணை இல்லாவிடினும் கெர்னல் ரூட் பகுதியைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அதன் இருப்பிடம் தொடக்க நிரலுக்குத் தனியே சொல்லப்பட்டிருப்பதே காரணம். ஆனால் அப்பகுதி வாசிக்க மட்டுமே இயலும் நிலையில் நின்றுவிடக்கூடும். அட்டவணையைத் திரும்ப எழுத முயன்றால், எழுத இயலாது என்ற மறுமொழியே வரும். இது வட்டின் பழுது அன்று. தொடக்கத்தில் ரூட் பகுதியை வாசிப்பு நிலையில் பொருத்திச் சோதித்தபின், அட்டவணையில் சொல்லியவாறு எழுதும் நிலைக்கு மாற்றுவது வழக்கம். அட்டவணை இல்லாததால் அந்த இரண்டாம் படி நிகழவில்லை, அவ்வளவே. ‘மவுண்ட்’ கட்டளையுடன் ‘ரீமவுண்ட்’, ‘ஆர்டபிள்யூ’ என்னும் நிபந்தனைகளைச் சேர்த்து ரூட் பகுதிக்கு இட்டால் எழுதும் நிலை கிட்டும். இயந்திரம் அவ்வளவு தூரமும் வரவில்லையெனில், யு.எஸ்.பி. குச்சியிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, பழைய ரூட் பகுதியை அதில் தற்காலிகமாகப் பொருத்தி வேலை செய்யலாம்.

இனி, ஏனைய பகுதிகளை அடையாளங்காண வேண்டும். கெர்னலின் நினைவு இப்போது இல்லை. ஆயினும் வட்டுகளே சான்று பகரும். எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைகளின் தலைப்பகுதியில், அவை கடைசியாக எந்த அடைவில் பொருத்தப்பட்டன என்பது குறித்துவைக்கப்பட்டிருக்கும். ‘டியூன்-2-எஃப்எஸ்’ என்னும் கட்டளையுடன் ‘எல்’ என்னும் குறியைச் சேர்த்து இட்டால் அக்குறிப்பைப் படிக்கலாம். பகுதியை வேறெங்கேனும் பொருத்திப் பார்க்குமுன்னரே இதனைப் படித்துவிட வேண்டும். எழுதும் நிலையில் ஒருமுறை வேறிடத்தில் பொருத்தினால், பழைய குறிப்பின்மேல் புதிய இடம் எழுதப்பட்டுவிடும்.

குறிப்புக் கிடைக்காதபோது, பகுதியை வாசிக்க மட்டும் இயலுமாறு ஓர் ஓரத்தில் பொருத்தி உள்ளே நோக்குக. பயனாளர்களின் பெயரில் அடைவுகள் இருந்தால் அது ‘ஹோம்’. ‘லாக்’, ‘ஸ்பூல்’, ‘கேஷ்’ ஆகியன இருந்தால் அது ‘வார்’. ‘பின்’, ‘லிப்’, ‘ஷேர்’ ஆகியன சேர்ந்திருந்தால் அது ‘யூஎஸ்ஆர்’. ஊரறியாத இடத்தில் விடப்பட்டவன் சந்தையைக் கண்டு இன்ன ஊர் என்று உணர்வது போன்றதே இது.

இந்நிலையில் இரு கட்டளைகள் விலக்கத்தக்கவை. ஒன்று, புதிய கோப்பு முறையை உருவாக்கும் ‘எம்கே-எஃப்எஸ்’. மற்றொன்று, பொருந்தியிருக்கும் பகுதியின்மீது சோதனைத் திருத்தத்தை இயக்குவது. முன்னது பழைய அட்டவணையையும் அடையாளத்தையும் துடைத்துவிடும். பின்னது நல்ல நிலையில் உள்ள பகுதியையும் சிதைக்கவல்லது.

வெற்றடைவின் இடர்

பலரும் அறியாத மற்றோர் இடரும் உண்டு. ஒரு பகுதி பொருந்தாதபோது அதற்குரிய அடைவு இல்லாமற் போவதில்லை, வெறுமையாக நிற்கும். தரவுத்தளம் போன்ற நிரல்கள் வெற்றடைவைக் கண்டு, இதுவே தொடக்கம் என்றெண்ணிப் புதிதாக எழுதத் தொடங்கக்கூடும். சில மணி நேரம் கழித்து உண்மையான பகுதியைப் பொருத்தினால், இடைக்காலத்தில் எழுதப்பட்டவை அதன் அடியில் மறைந்துவிடும். பழையது கிடைத்தது, அன்று காலை பதிந்த மழையளவு காணவில்லை என்று ஊழியர் மீண்டும் திகைப்பார். ஆகவே மீட்புப் பணியைத் தொடங்குமுன் அத்தகைய நிரல்களை நிறுத்திவிட வேண்டும். பகுதியைப் பொருத்துமுன் வெற்றடைவில் புதியன சேர்ந்துள்ளனவா என்று நோக்கி, இருப்பின் வேறோரிடத்திற்கு மாற்றிவைத்தல் வேண்டும்.

சோதனையும் காப்பும்

அட்டவணையை எழுதி முடித்ததும் இயந்திரத்தை மறுமுறை இயக்கிப் பார்க்கும் ஆவல் எழும். அதனைச் சற்று அடக்குக. ‘மவுண்ட்’ கட்டளையுடன் ‘ஏ’ என்னும் குறியைச் சேர்த்தால் அட்டவணையில் உள்ளவற்றுள் இதுவரை பொருந்தாதவை பொருந்தும். பிழையான வரி இருப்பின் அங்கேயே வெளிப்படும். புதிய லினக்ஸ்களில், அட்டவணையின் வரிகளைப் பொருத்தாமலே சரிபார்க்கும் கட்டளையும் உண்டு. ஓடும் இயந்திரத்தில் வெளிப்படும் பிழை ஒரு நிமிட வேலை. மறுதொடக்கத்தில் வெளிப்பட்டாலோ, இயந்திரம் அவசர நிலையில் நின்று கடவுச்சொல் கேட்கும். தொலைவில் உள்ள சர்வராயின் அதனருகே நேரிற் செல்ல வேண்டியும் வரலாம். இன்றியமையாதன அல்லாத வட்டுகளின் வரியில் ‘நோஃபெயில்’ என்னும் நிபந்தனையைச் சேர்த்தால், அவ்வட்டு இல்லாவிடினும் இயந்திரம் தொடங்கிவிடும்.

அட்டவணையின் நகல் ஒன்றை அதே வட்டில் மட்டும் வைத்தல் போதாது. வேறோர் இயந்திரத்திலும் வைக்க வேண்டும். அதனினும் எளியது, அட்டவணையையும் யு.யு.ஐ.டி. பட்டியலையும் அச்சிட்டு, தேதியிட்டு, அலுவலகப் பதிவேட்டில் ஒட்டிவைத்தல். வட்டு மாற்றும்போதெல்லாம் புதிய தாளை ஒட்டுக. பழையதைக் கிழிக்க வேண்டாம். ஒரே ஒரு தாள், பின்னொரு நாள் பெருந்துன்பத்தை விலக்கும்.

ஆசிரியர்களுக்கு இது நல்லதொரு செய்முறைப் பாடமும் ஆகும். சென்னை சி-டாக் நிலையத்தில் உருவான ‘பாஸ்’ லினக்ஸ் போன்ற, விலையின்றிக் கிடைக்கும் இயக்கமுறை ஒன்றை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவுக. முதல் மாணாக்கர் குழு அட்டவணையை அழிக்கட்டும். இரண்டாவது குழு, இயந்திரத்தை அணைக்காமலே அதனை மீட்கட்டும். அடுத்த வாரம் அணைத்து இயக்கிய பின்னர் மீட்கச் சொல்க. எந்தக் கட்டளையை இட்டனர் என்பதைவிட, இடுமுன் எதனைப் படித்தறிந்தனர் என்பதற்கே மதிப்பெண் வழங்குதல் பொருத்தமாகும்.

வெறுமையான அடைவைக் காணும்போது, பொருள் அழிந்ததா அல்லது வழி மறைந்ததா என்னும் வினாவையே முதலில் எழுப்புதல் வேண்டும். அதற்கு விடை கிடைக்கும் வரை வட்டில் எதனையும் எழுதாதிருப்பவர், பத்தாண்டு மழையளவுக் குறிப்புகளை இழப்பதில்லை.